மாமனார் மூக்கும் மலை உயரமும்

கேள்வி: போட்டோவைப் பார்த்து ஆயில் பெயின்டிங் வரைவது ஏமாற்று வேலை என்கிறார் என் நண்பர். சரியா? (வாசகர், சித்தூர்)

பதில்: அப்படியானால் ராஜா ரவிவர்மாவையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். அவரும் போட்டோக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்தான். பிரான்சில் ஓவியர் தெகா கேமராவையே கையில் தூக்கிவிட்டார்! போட்டோவைப் பார்ப்பதில் தப்பில்லை. அப்படியே நம்புவதில்தான் வம்பு. மலையடிவாரமான அலிபிரியில் நின்று சேஷாசல மலையை செல்போனில் எடுத்துப் பாருங்கள். அண்ணாந்து பார்த்த மலை, படத்தில் மண்மேடாகிவிடும். பாறை நிழலில் இருந்த நீலமும் ஊதாவும் வெறும் கரியாகிவிடும். அவற்றை அங்கேயே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாமனாரைக் கிட்டத்தில் எடுத்தால் மூக்கு மட்டும் முன்னால் வரும். அதை வரைந்து ஹாலில் மாட்டினால் விளைவுக்கு நான் பொறுப்பல்ல. ஆயில் பெயின்டிங் என்பதால் இன்னொன்று: அடிப்பூச்சு டர்பன்டைன் கலந்து மெல்லிசாக, மேல்பூச்சில் எண்ணெய் கூடுதலாக. மாற்றிச் செய்தால் பிற்பாடு வெடிப்பு விழும்.

கேள்வி: திருமலைக் கோயிலுக்குள் கேமராவே கூடாதே, பெருமாளை எதைப் பார்த்து வரைய? (வாசகி, திருப்பதி)

பதில்: ‘ஜருகண்டி’ என்று நகர்த்துவதற்குள் கண்ணாலேயே கிளிக் செய்துகொள்ள வேண்டியதுதான். நல்லவேளை, திருநாமம் பெரிது. முகத்தில் பாதி வேலை மிச்சம்.