சங்கிலியின் இரு முனைகள்

லண்டன் ரிச்மண்ட் பூங்காவுக்குள் இசபெல்லா பிளான்டேஷன் என்று 40 ஏக்கரில் ஒரு வனத்தோட்டம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஓடைக்கரையெங்கும் அசேலியா பூத்துக் குலுங்கும். பார்க்க ஆள் கூடும் நாளில் மழையும் ஆஜராகிவிடும். தாவரச் சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் ஜப்பானிலிருந்து தேர்ந்தெடுத்த 50 குருமே அசேலியா வகைகளின் தொகுப்பு இங்கேதான் வளர்கிறது. நாய்களுக்கோ, எந்தப் புதரடியில் யார் கையெழுத்திட்டுப் போனார் என்பதில் மட்டுமே அக்கறை.

உள்ளே நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் என்ன என்பவர்கள் ஃபென்டனை விசாரிக்கலாம். 2011இல் இதே ரிச்மண்ட் பூங்காவில் மான் கூட்டத்தை விரட்டி, பெயரைக் கதறியபடி பின்னால் ஓடிய உரிமையாளரையும் சேர்த்துக் காணொளியில் உலகப் புகழ் பெறவைத்த நாய் அது. சங்கிலி மாட்டினாலும், யார் யாரை நடத்திப் போகிறார்கள் என்பது சேற்றில் தெரிந்துவிடும்.

நனைந்த நாய் சில நொடி உதறலில் ரோமத்து நீரில் சுமார் 70 விழுக்காட்டை வெளியேற்றிவிடும் என்று ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். அந்த நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. அத்தனை ஏக்கர் காலியாகக் கிடக்க, நாய் உதறத் தேர்ந்தெடுப்பது அப்போதுதான் மழைக்கோட்டைக் கழற்றிய ஆளின் பக்கத்தை.