பெருமாள் எப்போது பார்ப்பார்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் பாகப்பிரிவினை வழக்கு. வருஷக்கணக்கா வாய்தா மேல வாய்தா. "பெருமாள் பார்த்துப்பார்"னு மாமியார் சொல்றாங்க. எப்பத்தான் பார்ப்பார்?
- ஒரு வாசகி, உத்திரமேரூர் வட்டம்

பதில்: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அம்மா. 1979-ல் அனந்தசரஸ் குளத்துக்குள் போன காஞ்சி அத்திவரதர் 2019-ல்தான் வெளியே வந்தார். அந்த 40 வருடமும் நம் சனம் அவரை மறந்ததா என்ன? மாமியாரின் நம்பிக்கை அந்த வகை. அதைக் குறைத்து எண்ணாதீர்கள்.

ஆனால் உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் சேவித்த கையோடு சுவரையும் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 1,100 வருடப் பழசு. ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் குடவோலையில் ஆள் எடுத்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவர் சொந்தக்காரரும் நிற்க முடியாது! மழையைப் பெருமாளிடம் விட்டவர்கள், கரையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

வாய்தா தேதி உங்கள் கரை. வழக்கில் நீங்களோ மாமியாரோ ஒரு தரப்பாக இருந்தால், பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும், அப்பீலும் கிடையாது. மாமியாரையும் கூட்டிப் போங்கள். பெருமாளிடம் தினம் சொல்வதைப் பிள்ளைகள் இருவரிடமும் ஒருமுறை சொல்லட்டும்.