பஸ் நிறுத்தமும் பஸ் நிறுத்தம் சார்ந்த இடமும்

ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று பெயர் வைத்து, திணைகள் ஏழில் முதலாவதாக நிறுத்தினார் தொல்காப்பியர். குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு என்று பாகம் பிரித்தவர், கைக்கிளைக்கு ஒரு சென்ட் நிலம்கூட எழுதிவைக்கவில்லை. அந்தக் குறையைத் தொண்ணூறுகளில் நம்ம ஊர்ப் பையன்கள் டவுன் பஸ் நிறுத்தத்தை வளைத்துப்போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

எட்டே முக்கால் பஸ்ஸுக்கு நம்மாள் எட்டு மணிக்கே ஆஜர். அந்த பஸ் அவன் கல்லூரிப் பக்கமே போகாது என்பது வேறு விஷயம். எந்தக் கிழமை எந்தத் தாவணி, அவள் குடையில் எந்தக் கம்பி வளைந்திருக்கிறது, டிபன் பாக்ஸ் எந்த ஜவுளிக்கடை மஞ்சள் பையில் வருகிறது, எல்லாம் அத்துப்படி. பெயர் மட்டும் தெரியாது. கேட்கலாம்தான், கேட்டால் பேச வேண்டிவருமே!

இந்தக் காதலில் நிகர லாபம் நண்பர்களுக்கு. “மாப்ள, உன்னையத்தான்டா திரும்பிப் பாத்துச்சு” என்றால் டீ. “லேசா சிரிச்சுச்சுடா” என்றால் வடையும் சேர்த்து. அவள் பார்த்தது பஸ் வருகிறதா என்று. அதைச் சொன்னால் வடை கிடைக்குமா?

1980-இல் ‘ஒரு தலை ராகம்’ நாயகனைச் சாகடித்து இந்த வியாதிக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது. 1991-இல் முரளி நடித்த ‘இதயம்’ வந்ததும் சொல்லாமல் இருப்பதே கொள்கையாகிவிட்டது. “முரளியே சொல்லல, நான் என்ன பெரிய ஆளா?” பயத்துக்குத் தியாகம் என்று பெயர் மாற்றக் கெஜட் எல்லாம் தேவைப்படவில்லை.

அடுத்து, கேசட். சிவப்பு மையில் பட்டியல். ஏ சைடு ஆறு, பி சைடு ஆறு, அத்தனையும் இளையராஜா. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாதென்று ரெக்கார்டிங் சென்டர்காரரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டு. அவளிடம் கொடுக்கவா? சேச்சே. ஜானகி பாடுவதை அவள் குரலாக வைத்துக்கொண்டு, வீட்டில் தானே கேட்பதற்கு.

வினை அங்கேதான் வந்தது. ஒருநாள் துணிந்து அதே பஸ்ஸில் ஏறிவிட்டான். கண்டக்டர் அவளுக்கு ஐம்பது காசு பாக்கி தரவில்லை.

“யோவ், எறங்கறப்ப தர்றேன்னு நேத்தும் இதே கதைதான சொன்ன? எடுய்யா காசை!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஜானகி எங்கே, இது எங்கே! ரேஷன் கடையில் எடைபோடுகிறவரைக் கதிகலங்க வைக்கும் அவனுடைய சொந்த அத்தையின் குரல். நியாயம் முழுக்க அவள் பக்கம். ஐம்பது காசும் வந்துவிட்டது. நம்மாள்தான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்தான்.

“கண்டக்டரைப் போய் ‘யோவ்’னுட்டாடா...” என்று நண்பர்களிடம் புலம்பினான், சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திவிட்ட மாதிரி. தான் ஜானகி என்று அந்தப் பெண் பாவம் யாரிடமும் சொன்னதில்லை.

கொஞ்ச நாள் தாடி. பிறகு புதுப் பட்டியலோடு கடைக்குப் போனான். இந்த முறை கறுப்பு மை. கடைக்காரர் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு, மேல் தட்டிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப்போட்டார்.

“இதே பாட்டுங்கதான் தம்பி. அடிக்கடி கேக்கறாங்கன்னு பதிஞ்சே வச்சிருக்கேன். பி சைடு கடைசில ரெண்டு டூயட் இருக்கு, அழிச்சிடாத. அடுத்ததுக்கு ஆகும்.”