2.0 படத்தில் சனா இருந்த இடம் யாது? பினாங்கின் சிம்பாங் அம்பாட் வரவேற்பறை ஒன்றில் நிகழ்த்திய மீள்பார்வை ஆய்வு

எந்திரன் 2010 அக்டோபர் 1-இல் வந்தது. அதன் இரண்டாம் பாகமான 2.0 வந்து சேர 2018 நவம்பர் 29 ஆயிற்று. முதல் பாகத்தைப் பால்பல்லோடு பார்த்த ஒரு தலைமுறை, இரண்டாம் பாகத்துக்கு மீசை அரும்பிய முகத்தோடு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் செபராங் ஜெயா வரை போய், முப்பரிமாணக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டது. அதே தலைமுறை இன்று சம்பளம் வாங்கி, கைப்பேசிக்குத் தவணை கட்டிக்கொண்டு, அதே படத்தை வீட்டில் மறுபடி பார்க்கிறது. இந்த மூன்றாம் பருவத்தை அறிஞருலகம் இன்னும் தீண்டவில்லை.

ஆய்வுக் களத்தின் எல்லை: வடக்கே தொலைக்காட்சி, தெற்கே சோபா, கிழக்கே மின்விசிறி, மேற்கே அத்தை. ஆய்வு முறை: படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தல். இதை முறை என்று ஏற்க ஒரு தரப்பு மறுக்கிறது (அத்தை, வாய்மொழி).

வரைகலை: அன்று வாய் பிளந்தது வியப்பால், இன்று கொட்டாவியால்.

ஒலியமைப்பு: பக்கத்து வீட்டார் தம் கருத்தைச் சுவரைத் தட்டித் தெரிவித்துள்ளனர்.

பக்சிராஜன்: சிறுவயதில் இவர் வில்லன். கோபுரத்தில் தூக்கிட்டுக்கொண்ட கிழவரின் ஆவி, ஊர்க் கைப்பேசிகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு இராட்சதப் பறவையாகிறதே என்று நடுங்கினோம். இப்போது, ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேலாளர் அனுப்பும் குரல்பதிவைக் கேட்கும் வயதில், கிழவர் கொஞ்சம் தாமதமாக வந்தாரோ என்று தோன்றுகிறது. கைப்பேசிக் கதிர்வீச்சு குருவிகளை அழிக்கிறது என்பது அவர் கருதுகோள். உறுதியான சான்று இல்லாத கருதுகோள்தான். ஆனால் படம் வெளியாகும் முன்னரே இந்தியச் செல்பேசி நிறுவனங்களின் சங்கம், கைப்பேசியையும் கோபுரங்களையும் அறிவியலுக்கு மாறாகக் காட்டுகிறார்கள் என்று தணிக்கை வாரியத்துக்குப் புகார் எழுதியது. இவ்வளவு அக்கறையோடு ஓர் ஆய்வேட்டை அதன் நெறியாளர்கூடப் படிப்பதில்லை.

அடுத்து, கைப்பேசிக்கு எத்தனை அறிவு? தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. தொடுவுணர்வில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், காது, மனம் என ஏறும் வரிசை அது. கைப்பேசி தொட்டால் அறியும், பார்க்கும், கேட்கும். நாக்கும் மூக்கும் இல்லை. இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்த இவ்வுயிரை எந்த வகையில் சேர்ப்பது? அத்தையின் கைப்பேசி ஒருமுறை மீன்கறிச் சட்டியில் விழுந்தெழுந்ததால் சுவையறிவும் பெற்றது எனலாம். அதன்பின் அது பேசவில்லை. நிறைந்த அனுபவம் பேச்சை அடக்கும் போலும் (அத்தை, அடுப்படி உரைகள், தாளிப்பு ஓசைக்கு இடைப்பட்ட பகுதி).

இந்த இடத்தில் ‘ஆகவே பண்டைத் தமிழரிடம் தொடுதிரை இருந்தது’ என்று முடித்தால் தமிழ் ஆய்வரங்குகளில் கைதட்டல் நிச்சயம். தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதன்மேல் எனக்குக் குறையில்லை. அதன் பேரப்பிள்ளைகளாகிய இன்றைய ஆய்வரங்குகளில், கொடுத்த பதினைந்து நிமிடத்தில் பத்தை அவைத்தலைவரின் புகழுக்கும் மூன்றை ஒலிவாங்கிக்கும் செலவிட்டு, ‘நேரமின்மை காரணமாக’ என்று இறங்கிவிடும் பெருமக்களின் வழியில், நேரமின்மை காரணமாக நானும் சனாவுக்கு வருகிறேன்.

எந்திரனில் விஞ்ஞானி வசீகரனின் காதலி சனா, ஐஸ்வர்யா ராய். வசீகரன் படைத்த எந்திரமனிதன் சிட்டி, அவருக்காக ஊரையே இரண்டுபடுத்தியது. 2.0-வில் அதே சனா முகம் காட்டவே இல்லை. வசீகரனின் தொலைபேசியில் குரலாக மட்டும் வருகிறார். அதாவது, ஊர்க் கைப்பேசிகளெல்லாம் பறந்து போகும் கதையில், கதாநாயகியைக் கைப்பேசிக்குள் குடிவைத்திருக்கிறார்கள். பதின்ம வயதில் இது யார் கண்ணிலும் படவில்லை. எமி ஜாக்சன் நடித்த நிலா என்ற எந்திரப்பெண் பக்கத்தில் நின்றதும் ஒரு காரணம்.

உருவமில்லாக் குரல் ஒன்றால் உயிரை இழுத்து வைத்திருக்க முடியுமா என்பார்க்குத் தென் செபராங் பிறையே சான்று. நிபோங் தெபால் பக்கம் போனால் பார்க்கலாம்: சன்னலற்ற சிமெண்டுக் கட்டடம், உச்சியில் ஒரு பொந்து, பக்கத்தில் ஒலிபெருக்கி. பதிவுசெய்த உழவாரன் குருவிச் சத்தம் விடாமல் ஒலிக்கிறது. ‘நம்மாள் உள்ளே இருக்கிறாள்’ என்று நம்பி வரும் குருவி, எச்சிலால் கூடு கட்டி வாடகை செலுத்துகிறது. அந்தக் கூடு சூப்பாகிறது. ஜார்ஜ் டவுன் 2008-இல் உலக மரபுரிமைத் தகுதி பெற்றபின், மரபுப் பகுதியில் இந்தத் தொழில் கூடாதென்று குருவி வீடுகளை வெளியேற்றினார்கள். வசீகரனை யாரும் வெளியேற்றவில்லை. குருவிக்கு ஒலிபெருக்கி, அவருக்குச் சனா, கொள்கை ஒன்றே. பறவையியலாளரான பக்சிராஜன் இதைக் கவனிக்காதது அவர் ஆய்வின் பெருங்குறை.

சரி, கைப்பேசிகள் பறந்தபின் சனா எங்கே? மூன்று கட்சிகள் உண்டு. தரைவழிக் கட்சி: வீட்டுத் தொலைபேசி இருக்கிறதே. (இருபத்தைந்து வயதுக்குக் கீழ் இக்கட்சியில் உறுப்பினர் இல்லை.) தாய்வீட்டுக் கட்சி: “கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பா. வேற எங்க போவா?” (அத்தை, பசியாறல் சொற்பொழிவுகள், இரண்டாம் தோசைக்கும் மூன்றாம் தோசைக்கும் நடுவே, சட்னி தீர்ந்தமையால் முற்றுப்பெறாத படி, இதன் பாடபேதம் மாமாவிடம் உள்ளது, அவர் வெளியிட அஞ்சுகிறார்.)

மூன்றாம் கட்சி என்னுடையது. சனா கைப்பேசிக்குள் இருந்தார், கைப்பேசி பறந்தது, ஆகவே சனாவும் பறந்து பக்சிராஜனின் இடச்சிறகில் ஓர் இறகாய்ப் பதிந்திருந்தார். ஒரு காலத்தில் அவருக்காகப் பித்துப் பிடித்து அலைந்த சிட்டி, இம்முறை அவர் குரல் குடியிருந்த பெட்டியையே அடித்து நொறுக்குகிறது, அறியாமல். தமிழ்ச் சினிமாவின் ஆகப் பெரிய அவலம் கால்பந்து மைதானத்தில், முப்பரிமாணத்தில் நடந்திருக்கிறது. நாமோ சோளப்பொரி தின்றுகொண்டிருந்தோம்.

இதை நிறுவ, சிறகு விரியும் காட்சியை நிறுத்தி, இடப்பக்கம் மூன்றாம் வரிசையை உற்றுப் பார்த்தாக வேண்டும். ரிமோட் அத்தையின் மடியில் இருக்கிறது. எட்டரை மணிக்கு அவருடைய தொடர்.