பேராண்டியின் இங்கிலீசு நோட்டு

நல்ல காரியம் பண்ணினே பேராண்டி. காலேஜ் முடிச்சிட்டு ஊட்ல சும்மா கெடக்காம ஸ்போக்கன் இங்கிலீசு கிளாசுல சேந்துட்டே. நேத்து நீ போனுல மூழ்கிக் கெடந்த நேரம் பாத்து உன் நோட்டைப் புரட்டினேன், கோச்சுக்காதே. 'பொறுப்பும் உதவியும்'னு தலைப்பு போட்டு, கீழ சிவப்பு மையில ரெண்டு கோடு இழுத்து, பக்கம் பூரா இங்கிலீசு மரபுத்தொடர் எழுதி வச்சிருக்கே. 'டேக் ஓனர்ஷிப்', 'புல் யுவர் வெயிட்', 'லெண்ட் எ ஹேண்ட்', 'கோ தி எக்ஸ்ட்ரா மைல்'. படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்கல. நோட்டுக்குப் பக்கத்துலேயே நீ சாப்பிட்ட தட்டும் இருந்துது. சாம்பார் காஞ்சு ஒட்டிக் கெடந்துது. அப்புறமா உங்கம்மா வந்து எடுத்துக் கழுவினா. அவளுக்கு இங்கிலீசு தெரியாது, பாவம்.

இங்கிலீசை நான் கொறை சொல்ல மாட்டேன். இந்தத் திருவண்ணாமலைக்கு ரமண மகரிஷியை அனுப்பி வச்சதே இங்கிலீசு இலக்கணம்தான். 1896ஆம் வருஷம் ஆகஸ்ட் 29. மதுரையில 16 வயசுப் புள்ளை அவர், அப்ப பேரு வெங்கட்ராமன். பாடம் சரியாப் படிக்கலைன்னு வாத்தியார் தண்டனை கொடுத்துட்டாரு. பெயின்னு ஒரு வெள்ளைக்காரர் எழுதின கிராமர்லேருந்து ஒரு பாடத்தை மூணு தடவை எழுதிட்டு வரணும். ரெண்டு தடவை எழுதினாரு. மூணாவது தடவை எழுதறப்ப இதெல்லாம் எதுக்குன்னு தோணிப்போச்சு. காகிதத்தை ஒதுக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்துட்டாரு. அண்ணன் பாத்துட்டுச் சுள்ளுன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. கெளம்பிட்டாரு. செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலையார் முன்னாடி வந்து நின்னாரு.

இதுவரைக்கும் கேட்டுட்டு, 'அப்ப நானும் நோட்டை மூடிடறேன் தாத்தா'ன்னு எழுந்திரிக்காதே. மீதியையும் கேளு. அண்ணனோட காலேஜ் பீசு கட்டச் சொல்லி 5 ரூபா அவர் கைக்கு வந்துது. ரயிலுக்குன்னு 3 ரூபா எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாயை வச்சுட்டு, ஒரு சீட்டு எழுதினாரு: அப்பனைத் தேடிப் போறேன், என்னைத் தேட வேணாம், உன் பீசு இன்னும் கட்டல, 2 ரூபா இதோட இருக்கு. உலகமே வேணாம்னு போற புள்ளை அஞ்சு ரூபாய்க்குக் கணக்கு எழுதி வச்சுட்டுப் போவுது. போன வாரம் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போடணும்னு என்கிட்ட வாங்கின இருநூறு ரூபாய்க்குக் கணக்கு இன்னும் வரல. வராதுன்னு எனக்குத் தெரியும். உன் நோட்டுல 'அக்கவுன்டபிலிட்டி'க்கு எதிர்ல மட்டும் அர்த்தம் எழுதாம விட்டிருக்கியே, அதைப் பாத்ததுமே மனசைத் தேத்திக்கிட்டேன்.

சரி, பாடத்துக்கு வருவோம். நோட்டுல இருக்கறதுலேயே உனக்கு சோறு போடப் போறது 'பாஸ் தி பக்'. மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. சீட்டாட்டத்துல பொறந்த பேச்சாம். அடுத்து யாரு சீட்டு போடணுமோ அவன் முன்னாடி ஒரு அடையாளப் பொருளை வைப்பாங்க. போட இஷ்டமில்லாதவன் அதை அடுத்தவன் பக்கம் தள்ளிடுவான். இதைக் கத்துக்கப் பீசு கட்டறே பாரு, அதான் எனக்கு ஆச்சரியம். ஏரிக்கால்வாய் தூந்து போச்சுன்னு மனு எடுத்துக்கிட்டுப் போ. முதல் ஆபீசுல 'இது எங்களுது இல்ல பெரியவரே'ம்பாங்க. ரெண்டாவதுல 'ஆக்கிரமிப்பு இருக்குது, அளந்து குடுத்தா செய்யறோம்'பாங்க. மூணாவதுல அளக்கற ஆளு லீவு. அவரு எப்பவும் லீவுதான். ஆனா சம்பளம் வாங்கிட்டாராம்.

அமெரிக்காவுல ட்ரூமன்னு ஒரு பிரசிடென்ட் இருந்தாரு. 1945லேருந்து அவர் மேசை மேல ஒரு சின்னப் பலகை, 'தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்'னு. தள்ளிவிடற வேலை என்னோட சரி, இதுக்கு மேல போவாதுன்னு அர்த்தம். அந்தப் பலகையைச் செஞ்சது எங்க தெரியுமா? ஓக்லஹாமாவுல ஒரு சிறையில. இன்னொரு விசேஷம், பலகைக்குப் பின்பக்கம், அதாவது அவர் கண்ணுக்குத் தெரியற பக்கம், 'நான் மிசௌரிக்காரன்'னு எழுதியிருந்துது. வர்றவன் பாக்கறதுக்குப் பொறுப்பு, தான் பாக்கறதுக்குச் சொந்த ஊரு. நீ ஆபீசரு ஆனா இதே மாதிரி ஒண்ணு செஞ்சு வை. பின்பக்கம் என்ன எழுதறதுன்னு அப்புறம் யோசிக்கலாம்.

ஊட்டுக்குள்ள இந்தத் தள்ளிவிடற வேலையையே காலண்டர் வச்சு நடத்தறாங்க. ஆத்தா ஒரு மாசம் பெரியவன் ஊட்ல, ஒரு மாசம் சின்னவன் ஊட்ல. 31 தேதி வர்ற மாசத்துல அந்த ஒரு நாள் சோறு யாரு போடறதுன்னு பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடறாங்க. நானும் போய் நடுவுல உக்காந்து, ரெண்டு ஊட்டுலயும் காபி குடிச்சுட்டு வர்றேன். இதே ஊர்ல அண்ணாமலையாரு என்ன பண்றாரு பாரு. வல்லாள மகாராஜா, ஒய்சள வம்சத்துல மூணாம் வல்லாளன், 14ஆம் நூற்றாண்டுல இங்கேருந்து ஆண்ட ராஜா. அவருக்குப் புள்ளை இல்லைன்னும், நானே புள்ளையா இருந்து கடைசிக் காரியம் செய்யறேன்னு சாமி வாக்கு குடுத்தாருன்னும் கதை. கதைன்னு விட்டுடாதே. இன்னிக்கும் மாசி மகத்தன்னிக்கு சாமி கோயிலை விட்டுக் கெளம்பிப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், ஆத்துல தீர்த்தவாரி முடிச்சு, ராஜாவுக்குத் திதி குடுத்துட்டுத்தான் திரும்பி வர்றாரு. 'போன வருஷம் நான் போனேன், இந்த வருஷம் சிதம்பரம் நடராஜர் முறை'ன்னு ஒரு தடவை கூடச் சொன்னதில்ல.

அடுத்தது 'புல் யுவர் வெயிட்'. படகு வலிக்கறவங்க பேச்சாம். துடுப்பு புடிச்சுக் குந்தியிருக்கறவன் தன் உடம்பு எடையையாவது இழுக்கற அளவுக்கு வலிக்கணும். நமக்குப் படகு எதுக்கு, தேரே இருக்குது. தீபத் திருவிழாவுல ஏழாம் நாள் அஞ்சு தேரு ஓடுது. புள்ளையாரு, முருகன், அதுக்கப்புறம் பெரிய தேர்ல அண்ணாமலையாரு. அம்மன் தேரைப் பொம்பளைங்களே இழுத்துக்கிட்டுப் போறாங்க. சண்டிகேஸ்வரர் தேரைச் சின்னப் பசங்க. பெரிய தேருக்குத்தான் உன்ன மாதிரி வாலிபப் பசங்க வடம் புடிக்கறீங்க. நீ போட்ட ஸ்டேட்டஸைப் பாத்தேன் நைனா. ஒரு கையில வடம், ஒரு கையில போன். படத்துல உன்னைச் சுத்தி நிக்கறவங்களுக்குக் கழுத்து நரம்பு புடைச்சிருக்குது, சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டியிருக்குது. உனக்கு மட்டும் வகிடு கூடக் கலையல. உன் எடையையும் சேத்து அவங்கதான் இழுத்தாங்க.

தேர்ல நான் பாக்கறது வடம் புடிக்கறவனை இல்ல. கீழ குனிஞ்சு பாரு, சக்கரத்துக்குப் பக்கத்துல முட்டுக்கட்டை போடற ஆளு நிப்பான். உருண்டு வர்ற சக்கரத்துக்கு முன்னாடி கட்டையை நீட்டணும். விரல் ஒண்ணு உள்ள போச்சுன்னா போனதுதான். தேரடி வீதியிலேருந்து திருவூடல் தெருப் பக்கம் திரும்பறப்ப பாக்கணும் அவனை. எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கத்துல, எவ்வளவு உள்ள தள்ளிப் போடணும்னு கண்ணாலேயே அளப்பான். கட்டை மேல சக்கரம் ஏறி 'கிர்ர்'னு நெரிபடும், தேரு ஒரு சாண் திரும்பும். கட்டையை உருவுவான், மறுபடியும் போடுவான். ஒரு சாண், இன்னொரு சாண். கூட்டம் பூரா மேல பாத்துக் கன்னத்துல போட்டுக்கும்; அவன் சாமி பக்கமே திரும்ப மாட்டான், அவன் பார்வை இரும்புப் பட்டை மேலேயே இருக்கும். நிலைக்கு வந்ததும் கட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுவான். நாம அவனுக்குப் பண்ணின மரியாதை என்னன்னா, நல்ல வேலையைக் கெடுக்கறவனை 'முட்டுக்கட்டை போடறான்'னு ஏசறோம். அவன் போடாம இருந்தா தேரு எவன் ஊட்டுத் திண்ணையில ஏறியிருக்கும்னு யோசிக்கறதில்ல.

'எக்ஸ்ட்ரா மைல்' கதை எனக்குப் புடிக்கும். ரோமாபுரி சிப்பாய் வழியில போறவனைப் புடிச்சு, 'என் மூட்டையை ஒரு மைல் தூக்கு'ன்னு சொல்லலாமாம். தூக்கித்தான் ஆகணும். ஏசு வந்து, அவன் ஒரு மைல் கேட்டா நீ ரெண்டு மைல் போன்னு சொல்லிட்டாரு. சிப்பாய்க்கே தலை சுத்தியிருக்கும். நம்ம ஊர்ல மைலுக்குப் பஞ்சமா? கிரிவலம் 14 கிலோமீட்டர், 9 மைலு கிட்ட வந்துடுது. பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல வந்து செருப்பில்லாம நடக்கறாங்க. நடக்கட்டும், புண்ணியம். இந்திர லிங்கத்துலேருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் எட்டையும் கும்பிட்டு வந்தவன், அன்னதானத்துல வாங்கின பாக்குமட்டைத் தட்டைக் குப்பைத்தொட்டி வரைக்கும் பத்தடி எடுத்துக்கிட்டுப் போக மாட்டேங்கறானே, அதான் எனக்குப் புரியல. 14 கிலோமீட்டர் தாங்கின காலு அந்தப் பத்தடிக்கு வலிக்குது. ஆக எக்ஸ்ட்ரா மைலை அவனுக்கும் சேத்து நடக்கறது யாருன்னா, மறுநாள் விடியறதுக்குள்ள தொடப்பத்தோட வர்ற தூய்மைப் பணியாளருங்கதான். 2024ல நகராட்சி மாநகராட்சி ஆயிடுச்சு. குனியற முதுகு என்னவோ அதே முதுகுதான்.

நோட்டுல 'குட் சமாரிட்டன்'னு எழுதியிருக்கே. அதுவும் பைபிள்லேருந்து வந்ததுதான். அடிபட்டு ரோட்டுல கெடந்தவனைப் பெரிய மனுஷங்க பாத்துட்டு ஒதுங்கிப் போக, வேத்து ஊர்க்காரன் ஒருத்தன் தூக்கிக் காப்பாத்தின கதை. உனக்கு இதுல ஒரு கெட்ட சேதி இருக்குது பேராண்டி. முன்னெல்லாம் நம்ம ஊரு பெங்களூரு ரோட்டுல எவனாவது பைக்கோட விழுந்து கெடந்தா, 'தூக்கிட்டுப் போனா போலீசு, கோர்ட்டுன்னு அலையணுமே'ன்னு நல்ல சாக்கு ஒண்ணு இருந்துது. அதைப் புடுங்கிட்டாங்க. 2016ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிடுச்சு. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏன்னு ஒரு பிரிவே சேத்துட்டாங்க. உதவப் போனவன் மேல வழக்கு கெடையாது, இஷ்டமில்லைன்னா பேரு கூடச் சொல்ல வேணாம். முதல் 48 மணி நேரத்துக்கு வைத்தியச் செலவை ஏத்துக்கறோம்னு நம்ம மாநில அரசு 2021 டிசம்பர்லேருந்து ஒரு திட்டமும் நடத்துது. பணமும் நீ குடுக்க வேணாம், பேரும் குடுக்க வேணாம். இனிமே ஒதுங்கிப் போகணும்னா 'எனக்கு இஷ்டமில்ல'ன்னு நேராத்தான் சொல்லணும். இல்லேன்னா போனை எடுத்து வீடியோ புடி. அதுக்கும் இங்கிலீசுல ஏதாவது கவுரவமான பேரு இருக்கும், வாத்தியார்கிட்ட கேளு. வீடியோ புடிக்கற அதே போனுலதான் 108 அடிக்கவும் முடியும்னு அவரு சொல்லிக் குடுக்கறாரான்னும் பாரு.

உதவின்னதும் இன்னொரு வெள்ளைக்காரர் நெனப்பு வருது. ஹம்ஃப்ரீஸ்னு பேரு, வேலூர்ல போலீசு அதிகாரியா இருந்தவரு. 1911ல மலை மேல விருபாட்ச குகைக்கு ஏறி வந்து ரமணரைப் பாத்தாரு. வந்தவரு கேட்டது, நான் உலகத்துக்கு உதவ முடியுமாங்கறது. போலீசுக்காரரு கேக்கற கேள்வியா அது! முதல்ல நீ உனக்கு உதவிக்கோ, உலகத்துக்கு உதவினதா ஆயிடும்ங்கற மாதிரி பதில் வந்துது. இதைச் சொன்னா நீ துள்ளுவேன்னு தெரியும். கல்யாண பஃபேயில 'ஹெல்ப் யுவர்செல்ஃப்'னு சொன்னதும் நாலு பனீர் கட்டியைத் தட்டுல வாரிப் போட்டுக்கிட்டு வந்தவன் நீ. இது அந்த ஹெல்ப் யுவர்செல்ஃப் இல்ல. அந்தப் பதிலைச் சொன்னவரு பின்னாடி ஆசிரமம் வந்தப்பறம், ஊரே கால்ல விழுந்து கும்பிடற காலத்துல, பொழுது விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிச்சு சமையல்கட்டுல குந்திக் காய் நறுக்கினாரு, சட்னி அரைச்சாரு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பல வருஷம். கத்திரிக்காய் காம்பு ஆய்ஞ்சுக்கிட்டே உலகத்துக்கு உதவலாம்னு எந்த ஸ்போக்கன் இங்கிலீசு புத்தகத்துலயும் போட மாட்டாங்க.

நேரமாவுது. கடைசியா 'லெண்ட் எ ஹேண்ட்' ஒண்ணு பாக்கி இருக்குது, அதை மட்டும் இப்பப் படிக்க வேணாம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு மல்லாட்டை மூட்டைங்க மார்க்கெட் கமிட்டிக்குப் போகணும், வண்டிக்குச் சொல்லியாச்சு. உன் கிளாசு பத்து மணிக்குத்தானே? மூட்டைக்கு ஒரு முனையை நீ புடி, இன்னொரு முனையை நான் புடிக்கறேன். போனை உங்கம்மாகிட்ட குடுத்துட்டு வா. இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னா இங்கிலீசுலயே கத்து, எனக்கு ஆட்சேபணை இல்ல.