மூக்கொழுகலும் மூக்கடைப்பும்: ஒவ்வாமை நீங்கலாக ஒரு காரண ஆராய்ச்சி

மூக்கொழுகல் என்பது உள்ளே இருப்பது வெளியே வருதல். மூக்கடைப்பு என்பது வர மறுத்தல். பகைபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே இரவில், அடுத்தடுத்த இரு துளைகளில், சண்டையின்றிக் குடியிருக்க வல்லவை. அடைப்பவை பெரும்பாலும் மூக்கின் உட்சவ்வும் அதன் மடிப்புகளும். சளியின் பங்கு சிறிது. சவ்வில் ரத்தம் நிறைந்து வீங்கினால் வழி மறைகிறது. காது குப்பென்று அடைக்கும்வரை சிந்தினாலும் மூக்கு திறவாதது இதனால்தான்.

இதற்குச் சளி, தடிமன், நீர்க்கோவை, ஜலதோஷம், பீனசம் எனப் பல பெயர்கள் உண்டு. ஜலதோஷம் வடசொல் என்று விலக்கிப் பீனசத்தைக் கைக்கொண்ட தூய்மைக் கட்சியார், பீனசமும் வடசொல்லே என அறிந்த நாள்முதல் பெயரிடுவதை விடுத்துத் தும்முவதோடு நிறுத்திக்கொண்டனர். கண்ணும் மூக்கும் அரித்து, அடுக்குத் தும்மல் வந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. அது இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு வெளியே நின்று தும்மட்டும்.

முதற்காரணம் வைரஸ். சளி பிடிக்கச் செய்யும் வைரஸ்கள் 200-க்கும் மேல். அவற்றுள் தலைமை ரைனோ வைரஸுக்கு. ரைனோ என்றால் கிரேக்கத்தில் மூக்கு. காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயருக்கும் அதுவே வேர். வைரஸ் சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானே விலகும். ஆண்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. இதை அறிந்த பின்னும் மருந்துக்கடையில் அதைக் கேட்டு வாங்குவது வழக்கு. வழக்கு இலக்கணத்துக்கு முந்தியது.

இரண்டாவது காற்று. குளிர்காற்று, ஊதுபத்தி, சென்ட், பெயின்ட் வாடை, பக்கத்து வீட்டு மிளகாய்த் தாளிப்பு ஆகியவை ஒவ்வாமை ஏதுமின்றியே சில மூக்குகளைக் கலங்கடிக்கும். ஏன் சில மூக்குகளை மட்டும் என்ற கேள்விக்கு மருத்துவ நூல்கள் ‘இடியோபதிக்’ என்று விடையிறுக்கின்றன. காரணம் பிடிபடவில்லை என்பது அதன் பொருள். அதைக் கிரேக்கத்தில் சொன்னால் நோய்ப்பெயர். பாட்டி ‘காத்து சேரல’ என்று தமிழில் சொன்னால் மூடநம்பிக்கை.

மூன்றாவது ரசம். இரண்டாம் கரண்டி மிளகு ரசம் இலையில் விழுந்ததும் வலக்கை சோற்றில் சிக்கியிருக்க, இடக்கை சட்டைப்பையில் கைக்குட்டை தேடும் காட்சி எந்தப் பந்தியிலும் காணக்கிடைப்பது. மிளகாயின் கேப்சைசின், வெப்பத்தை உணரும் ‘டிஆர்பிவி1’ என்ற ஏற்பியைத் தட்டுகிறது. முகத்து நரம்பு தீப்பிடித்ததாக நம்பி மூக்குச் சுரப்பிகளைத் திறந்துவிடுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். மிளகாய் இந்நாட்டுக்கு வந்தது போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னரே. ஆகவே சங்க காலத்து மூக்குகள் ஒழுகியிரா என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. மிளகின் பைப்பரினும் அதே கதவைத்தான் தட்டுகிறது.

நான்காவது, நோயே அல்லாத அடைப்பு. மூக்கின் இரு துளைகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறைவைத்து வீங்கித் தணிகின்றன. ஜெர்மானியரான ரிச்சர்ட் கைசர் 1895-இல் இதை விவரித்தார். எந்தத் துளையில் மூச்சு ஓடுகிறது என்று இடகலை, பிங்கலை எனச் சரம் பார்த்த மரபு அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. இவ்விடத்தில் ‘அன்றே சொன்னோம்’ என்று எழுந்து நிற்கும் அறிஞர்களை அமரச் செய்யவே கருத்தரங்குகளில் தேநீர் இடைவேளை விடப்படுகிறது. சளி பிடித்தவர் நள்ளிரவில் ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கத் துளை அடைக்கும். புரண்டால் அடைப்பும் உடன் புரளும். விடியும்வரை இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வோர் தம்மை ஆய்வாளர் என்று அறிவதில்லை.

இங்கு அடைப்பின் இலக்கணம் பேசப்பட வேண்டும். மூக்கடைத்தவரை ‘மூக்கால் பேசுகிறார்’ என்பது உலக வழக்கு, பெரும்பிழை. அவர் பேச்சில் இல்லாதது மூக்கு ஒன்றே. மெல்லினத்துக்கு இடம் மூக்கு என்பது தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் உடன்பாடு. மூக்கு மூடினால் ம, ந, ண முதலியவை பிழைப்புக்கு வழியின்றித் தத்தம் இனமான வல்லினத்திடம் அடைக்கலம் புகுகின்றன. ஆகவே அடைத்த மூக்குடன் குழந்தை ‘அம்மா’ என்று அழைத்தால் ‘அப்பா’ என்பது போலக் கேட்கிறது. எழுந்து வருபவர் மாறிவிடுகிறார். ‘மாமா’ பாபா ஆகிறார். ‘நான்’ என்று தொடங்கும் தற்பெருமை ‘தாற்’ என்று முடிகிறது.

மெல்லெழுத்து வல்லெழுத்தாவதை நன்னூல் ‘வலித்தல்’ என்று பெயரிட்டுச் செய்யுள் விகாரங்களுள் சேர்க்கிறது. ‘முந்தை’ என்பது ‘முத்தை’ ஆவது பாடம். எதுகைக்காகவும் ஓசைக்காகவும் புலவர் இவ்வாறு திரித்தார் என்பர் உரைகாரர். புலவருக்குச் சளி பிடித்திருக்கலாம் என்ற கருதுகோளை இதுவரை எவரும் மறுத்ததில்லை. எவரும் முன்வைத்ததும் இல்லை. மேலைத்திண்ணை உரை இதை மார்கழியில் பாடியது என்று கொள்ளும். கீழைத்திண்ணை உரை, ஏடெழுதியவருக்கே சளி, பாடியவர் நலம் என்று கொள்ளும். இரண்டையும் மறுத்த மூன்றாம் உரை, ஏட்டில் ஒழுகியதால் படிக்க இயலவில்லை. இதற்குப் பாடவேறுபாடு என்று பெயரிட்டு ஒரு முனைவர் பட்டம் வழங்கலாம். இதனினும் மெலிந்த பொருளுக்கு வழங்கப்பட்டுள்ளது.

எஞ்சிய காரணங்கள் விரைவில் முடிபவை. அழுகை: கண்ணீர்க்குழாய் மூக்கினுள் திறப்பதால் கண் கலங்கினால் மூக்கும் கலங்கும். கருப்பம்: பல மாதம் அடைத்த மூக்கு, பிள்ளை பிறந்து இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் திறந்துவிடும். நடுத்தண்டு வளைவு: ஒருபக்கம் குறுகும். சதைவளர்ச்சி: மணமும் போகும். மருந்து: அடைப்பு நீக்கும் சொட்டுமருந்தைச் சில நாளுக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் மூக்கு முன்னிலும் அதிகமாக அடைக்கும், அடைப்புக்காக மருந்து, மருந்தால் அடைப்பு. தைலம் காரணமும் அன்று, தீர்வும் அன்று: அதிலுள்ள மெந்தால் குளிர்ச்சி உணர்வைத் தூண்டி, மூக்கு திறந்ததாக மூளையை நம்பவைக்கிறது. தலையில் அடிபட்ட பின் ஒரு துளையில் தெளிந்த நீர் சொட்டினால் அது மூளையைச் சூழ்ந்த நீராக இருக்கலாம். அங்கு ஆராய்ச்சியை நிறுத்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இறுதிக் காரணம் சிறுவர்க்கே உரியது. ஒரே துளையில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால், அங்கு பெரும்பாலும் ஏதோ ஒன்று நுழைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் குச்சி, ஊக்கு விட்டு எடுக்க முனைந்தால் அது மேலும் உள்ளே போகும். காது மூக்கு தொண்டை மருத்துவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மடியில் இறுக்கிப் பிடிக்கப்பட்ட பையனின் துளைக்குள் கொக்கியைச் செலுத்த, எவர்சில்வர் கிண்ணத்தில் டிங்கென்று விழுகிறது: புளியங்கொட்டை. அதைத் தான் நுழைக்கவில்லை என்பது பையனின் பாடம்.