உராய்வின் தலைநகரில் ஒரு பிரேக் வேலை

சிவகாசிக்காரருக்கு உராய்வைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. உரசினால் பற்ற வேண்டும் என்பதற்காகவே 1920களில் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஊர். உரசினாலும் பற்றக் கூடாத பொருள் பிரேக் பேட். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். மத்தாப்பில் முன்பு சேர்ந்த ஆன்டிமனி சல்பைடு பல பேடுகளிலும் உண்டு. பேரியமும் உண்டு. பட்டாசில் பேரியம் உப்புக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பேடில் இருக்கும் பேரியம் சல்பேட் எந்த வழக்கிலும் சிக்காமல் சாதுவாகத் தேய்கிறது.

பக்கத்து விருதுநகரில் கதை வேறு. முன்பக்க டிஸ்க் வைத்த பிற்கால அம்பாசிடரின் சக்கரத்தைப் பேட் மாற்ற வாசலில் கழற்றினால் போதும், தெருவே ஆலோசனைக் குழுவாகிவிடும். "அண்ணாச்சி, ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, கிறீச்சத்தம் போயிரும்!" போகும், பிரேக்கோடு சேர்ந்து. பரோட்டாவையே எண்ணெயில் பொரிக்கும் ஊரில், எண்ணெய் காட்டக் கூடாத இடமும் ஒன்று உண்டு என்றால் யார் நம்புவார்?

அடுத்தவர் பிரேக் பிஸ்டனை முழுப் பலத்தோடு உள்ளே தள்ளச் சொல்வார். ஏற்கெனவே தளும்ப நிற்கும் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து பொங்கி, பெயின்ட்டை அரிக்கும். இந்த வண்டியின் தயாரிப்பு 2014இலேயே நின்றுபோனது; ஆலோசனைத் தயாரிப்பு மட்டும் நிற்கவே இல்லை.

வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பாதீர்கள். பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். பிஸ்டன் பின்வாங்கியிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. அறிவுரை சொன்ன யாரும் அப்போது வண்டிக்கு முன்னால் நிற்க மாட்டார்கள்.